சுவரோரம் இரண்டு நாற்காலிகள்

திருப்பதி ஹாலிலும், இப்போது சித்தூரில் திறந்திருக்கிற ஹாலிலும் வாசல் மேசையில் உட்காரப் போகிற பெண்களுக்கு.

வேலையை விட்டு நிற்கும்போது உங்களுக்கு நாலு வார்த்தை பேசச் சொன்னார் மாஸ்டர். எனக்குப் பேச வராது. நகரியில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடும். அந்தச் சத்தத்தில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், நான் மட்டும் கையால் சைகை காட்டுவேன். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. கல்யாணமாகித் திருப்பதிக்கு வந்து, பிள்ளைகள் வளர்ந்த பிறகு இந்த ஜூடோ ஹாலில் வேலைக்குச் சேர்ந்தேன். பதினொரு வருஷம். பேச வராததால் எழுதித் தருகிறேன்.

ரிஜிஸ்டர் எழுதுவது, தரையில் விரித்த மேட் துடைப்பது, மணி அடிப்பது இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். நான் சொல்ல நினைப்பது, முதல் தடவை படியேறி வருகிற பெண்ணைப் பற்றி. அவள் எதைப் பார்க்கிறாள், எதைப் பார்த்துத் திரும்பிப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துகொள்ள ஐந்து வருஷம் பிடித்தது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். வடமாலபேட்டையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கல்யாணமாகி மூன்று மாதம். மஞ்சள் கயிறு இன்னும் புதுசு மாறவில்லை. மேட்டில் ஏறும்போது உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது, மெட்டிகூடக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இன்னொருத்தர் தோலைக் கிழித்துவிடும், விரலையும் ஒடித்துவிடும். இதை நான் அவளிடம் மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதப் பெண்ணிடம் போய் மெட்டியைக் கழற்று என்று எப்படிச் சொல்வது? எனக்கு வாய் வரவில்லை. உள்ளே போனால் சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே சொன்னார்கள். இருபது பேர் வரிசையில் நிற்கும்போது, அந்தக் கோடியிலிருந்து துணைப் பயிற்சியாளர் தெலுங்கில் சத்தமாகச் சொன்னார். "மேடம், மெட்டெலு தீசி ரண்டி!" மெட்டியைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று. எல்லோரும் அவள் காலைப் பார்த்தார்கள். அவள் கால் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டாள். ஃபோன் வந்திருக்கிறது என்று சொல்லி வெளியே வந்தவள், செருப்பைக் கையில் பிடித்தபடியே படியிறங்கிப் போனாள். பிறகு வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. நான் படவேண்டிய கூச்சத்தை அந்தப் பெண் பட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் கீழே மெடிக்கல் ஷாப்பில் வெள்ளை பிளாஸ்திரி ஒரு சுருள் வாங்கி மேசை டிராயரில் வைத்தேன். அன்று முதல், "கழட்ட வேணாம்மா, மேல சுத்திக்கலாம்" என்று மேசையிலேயே, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காத குரலில் சொல்லிவிடுவேன். சின்னக் குரல் எனக்கு உதவியது அந்த ஒரு விஷயத்தில்தான். அந்த டிராயரில் பிளாஸ்திரி தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது பாடம் படிக்கட்டில் கிடைத்தது. ஒரு தாயும் மகளும் விசாரிக்க வந்தார்கள். தெலுங்கில் பேசினார்கள். நானும் தெலுங்கிலேயே ஃபீஸ், நேரம், பெண்களுக்குத் தனி வகுப்பு என்று கடகடவென ஒப்பித்து, பெயரும் ஃபோன் நம்பரும் வாங்கிக்கொண்டேன். இறங்கும்போது அந்த அம்மா மகளிடம் தமிழுக்கு மாறினார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார்.

"நம்பர மட்டும் எழுதிக்கினு அனுப்புது பாரு. உள்ள இன்னா நடக்குதுன்னு கண்ல காட்டவே இல்ல. கதவ வேற சாத்தி வெச்சிக்கீறாங்க."

பெண்கள் வகுப்பு நடக்கும்போது கதவைச் சாத்த வேண்டும் என்று சொன்னதே நான்தான். அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் என்று நினைத்தேன். வெளியே நிற்கிறவளுக்குச் சாத்தின கதவு பயமாகத் தெரியும் என்று தோன்றவில்லை. அன்று கதவைத் திறந்து வைத்தேன். மேட்டை ஒட்டிச் சுவரோரம் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள் போட அனுமதி கேட்டேன். மாஸ்டர் புத்தூர் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் தெலுங்கு, சமாதானமானால் தமிழ். "இன்னாம்மா, இது கல்யாண மண்டபமா சேர் போட்டு வேடிக்க பாக்க?" என்றார். தமிழில் சொன்னதால் போட்டுவிட்டேன். சித்தூர் ஹாலில் இன்னும் போடவில்லை என்று கேள்விப்பட்டேன். போடுங்கள்.

அந்த நாற்காலியில்தான் சுகுணா வந்து உட்கார்ந்தாள்.

சுகுணாவுக்குச் சித்தூர். ஆஸ்பத்திரி லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. மாற்றலாகித் திருப்பதிக்கு வந்திருந்தாள். சாயங்கால டியூட்டி முடிந்து, அடையாள அட்டை கழுத்தில் தொங்க, ஏறி வந்து மேசைமேல் பையை வைத்தாள்.

"எனக்கு நாப்பது வயசுக்கா. இது மூணாவது எடம். இங்கயும் ஆவலன்னா இதோட உட்டுடுவேன். அதுக்குமேல எனக்கு தெம்பு இல்ல."

ஏன் கற்றுக்கொள்ள வேண்டும், யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்று கேட்டேன். எல்லோரையும் அப்படித்தான் கேட்பேன். அவள் சிரித்தாள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. ஆசைக்கா. பலமனேர்ல படிக்கறப்போ பசங்களுக்கு கராத்தே சொல்லிக்குடுத்தாங்க, எங்கள தையல் கிளாசுக்கு அனுப்சாங்க. ஜன்னல் வழியா பாத்துக்கினே பட்டன் தெச்சேன். எல்லா பட்டனும் கோணல்."

முதலில் சேர்ந்த இடத்தில் ஒரு மாதம் மூலையில் நிறுத்திக் கயிறு தாண்ட வைத்தார்களாம். "ஆம்பளைங்க எல்லாம் பிடி கத்துக்கினு இருந்தாங்க. கயிறு தாண்டறத நான் வூட்லயே தாண்டுவேனே!" இரண்டாவது இடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால் கூடப் பயின்றவன் ஒருவன் கையைப் பிடித்தபோது, வலிக்கிறது விடு என்று இவள் சொல்ல, அவன் சிரித்துக்கொண்டே இன்னும் கொஞ்சம் முறுக்கினான்.

"மூணு வாரம் கையில கட்டு. ஆஸ்பத்திரில எல்லாரும் வூட்டுக்காரு அட்ச்சாரான்னு கேக்கறாங்க. அந்த மனுசன் பாவம், பல்லியக்கூட அடிக்க மாட்டாரு."

சிரித்து முடித்ததும் என் முகத்தையே பார்த்துக் கேட்டாள்.

"இங்க ஒருத்தி போதும்னு சொன்னா இன்னா ஆவும்?"

பதினொரு வருஷத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள் அவள் ஒருத்திதான். மேட்டில் வாயால் சொல்ல வேண்டியதில்லை, கையால் இரண்டு முறை தட்டினால் போதும், தட்டின உடனே பிடித்தவர் விட்டுவிட வேண்டும், அதுதான் இங்கே முதல் விதி என்று சொன்னேன்.

"அத எல்லா எடத்துலயும் செவுத்துல எழுதித்தான் வெச்சிருக்காங்க. நடக்குதான்னு நான் பாக்கணும்."

"உக்காந்து பாருங்க" என்றேன்.

உட்காருவதற்கு முன் உடை மாற்றும் அறைக்குப் போய்விட்டு வந்தாள். "தாழ்ப்பா விழலக்கா." எனக்கு அது இரண்டு வருஷமாகத் தெரியும். ஒருத்தி மாற்றினால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொள்வாள். அது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது. புதிதாக வருகிறவளுக்குக் கதவைப் பிடிக்க யார் இருக்கிறார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. மறுநாள் காலையில் முதல் வேலையாகத் தாழ்ப்பாளை மாற்றினேன்.

இரண்டாம் நாளும் வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று, பயிற்சிக்கு வரும் பெண்களிடம் ஏதோ கேட்டாள். என்னிடமே கேட்டிருக்கலாமே என்றேன்.

"நீங்க ஆபீஸ் ஆளு. நல்லதாத்தான் சொல்வீங்க."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சரியாகத்தான் சொன்னாள். துணைப் பயிற்சியாளர் மேசைக்கு வந்து, "ஏமக்கா, உங்க இன்ஸ்பெக்டரம்மா ரிப்போர்ட் எப்போ குடுப்பாங்க?" என்று கேலி செய்தார். நான் ரிஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆண்களும் பெண்களும் சேர்ந்து பயிலும் வகுப்பு. எங்கள் ஹாலின் பெருமை என்று ஒரு பையன் இருந்தான். வயது இருபத்திரண்டு. நிறைய மெடல் வாங்கியவன். வாசல் ஃபிளெக்ஸில் அவன் படம்தான். அடுத்த வாரம் ஒரு போட்டிக்குப் போக வேண்டியிருந்தது. அன்று அவனுக்கு ஜோடி ஒரு காலேஜ் பெண். முழங்கையை நீட்டிப் பிடிக்கும் பிடியைப் போட்டிருந்தான். அந்தப் பெண் மேட்டில் தட்டினாள். அவன் விடவில்லை. பக்கத்து ஜோடியிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். மறுபடி தட்டினாள். அப்புறம்தான் விட்டான். மொத்தம் இரண்டு மூன்று நொடி இருக்கும். அந்தப் பெண் முழங்கையைத் தடவிக்கொண்டே எழுந்தாள். மாஸ்டர் அந்தக் கோடியில் வேறு யாருக்கோ கால் வைப்பதைத் திருத்திக்கொண்டிருந்தார்.

சுகுணா எழுந்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். கோபம் இல்லை. பஸ்ஸை விட்டவள் மாதிரி ஒரு முகம்.

"நீங்களும் பாத்தீங்க இல்ல?"

தெரியாமல் நடந்திருக்கும் என்ற பதில் நாக்கின் நுனியில் தயாராக இருந்தது. அதைச் சொல்லியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவள் போய்விடுவாள், நான் ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருப்பேன். அவள் இங்கிருந்து போனால் நாலாவது இடம் என்று ஒன்று கிடையாது என்று அவளே சொல்லியிருந்தாள். அதை நினைத்ததும் அந்தப் பதில் வரவில்லை.

"பாத்தேன்" என்றேன்.

சொன்ன பிறகு சும்மா உட்கார முடியவில்லை. மேசைமேல் பித்தளை மணி இருந்தது. அடிக்கடி கரண்ட் போகிறது என்று கரண்ட் பெல்லுக்குப் பதில் வாங்கிய கைமணி. திருப்பதியில் பூஜை மணிக்கா பஞ்சம்? அந்த மணி கேட்டால் யார் எந்தப் பிடியில் இருந்தாலும் விட்டுவிட்டு முழங்காலில் உட்கார வேண்டும். வகுப்பு நேரம் முடிந்தால் மட்டுமே நான் அதை அடிப்பேன். அன்று பாதி வகுப்பில் அடித்தேன்.

எல்லோரும் விட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது.

"ஏமம்மா, டைம் காலேது கதா?" என்றார் மாஸ்டர். தெலுங்கு.

நேரமாகவில்லைதான். மேட்டின் ஓரம் வரை நடந்து போனேன். வாயைத் திறந்தால் குரல் இல்லை. கைதான் முதலில் வேலை செய்தது. குனிந்து மேட்டில் இரண்டு தட்டு தட்டினேன்.

"அந்தப் பொண்ணு தட்டுச்சி சார். இவன் உடல."

மாஸ்டர் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "பர்வாலேது சார்" என்றாள். பரவாயில்லையாம். பையன், "ஊரிக்கே சார், சரதாக்கி" என்றான். சும்மா விளையாட்டுக்காம். மாஸ்டர் என்னிடம், "நீங்க போய் உக்காருங்கம்மா" என்றார். வகுப்பு மறுபடி ஆரம்பித்தது.

சுகுணா வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். "வரேன்க்கா" என்றாள். நம் பக்கத்தில் திரும்பி வராதவர்களும் அப்படித்தான் சொல்வார்கள்.

வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் மாஸ்டர் கூப்பிட்டார். என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அந்தக் காலேஜ் பெண்ணைக் கேட்டார், இந்தத் தடவை மெதுவாக, தமிழில்.

"எத்தினி வாட்டி தட்டின?"

"நாலு வாட்டி சார்."

"இன்னிக்கு மட்டுந்தானா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "போன வாரமும் சார்."

அவள் போன பிறகு மாஸ்டர் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் பாக்கலம்மா. மேட்ல நடக்கறது எல்லாம் எனக்கு தெரியுதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். நான் துடைப்பானை எடுத்து மேட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் எழுந்து மறு ஓரத்திலிருந்து துடைத்தார்.

மறுநாள் அந்தப் பையனை மேட்டில் ஏற விடவில்லை. இரண்டு வாரம் சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்து, யார் தட்டுகிறார்கள், எவ்வளவு சீக்கிரம் விடுகிறார்கள் என்று பார்ப்பதுதான் அவன் வேலை. போட்டி அந்த இரண்டு வாரத்துக்குள் வந்துபோனது. அவன் நைனா வந்து என் மேசைக்கு முன்னால் நின்றே மாஸ்டரிடம் சத்தம் போட்டார். "ரிஜிஸ்டர் எழுதற அம்மா சொன்னதுக்கு எம்புள்ள போட்டிக்கி போவக்கூடாதா? இந்த அம்மாக்கு ஜூடோல இன்னா தெரியும்?"

எனக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மைதான். மாஸ்டர் சொன்னார், "மணி அடிக்கறது அவங்க வேல. அட்ச்சாங்க."

நீங்கள் அந்த மேசையில் உட்காரும்போது இதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஒரு பிடிகூடத் தெரிந்திருக்க வேண்டாம். மணி உங்கள் கையில் இருக்கிறது. அடித்துவிட்டால் பிறகு பேச வேண்டியதைப் பேச யாராவது இருப்பார்கள். இல்லாவிட்டாலும் பிடித்த கை விட்டிருக்கும்.

ஆனால் சுகுணா வரவில்லை. எட்டு நாள். படியில் காலடிச் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பேன். கேன் தண்ணீர் போடுகிறவர், ஃபீஸ் கட்ட வந்த அப்பாக்கள், யார் யாரோ வந்தார்கள். ஆஸ்பத்திரிக்கே போய்ப் பார்க்கலாமா என்றுகூட நினைத்தேன். போய் என்ன சொல்வது? ரத்தம் கொடுத்துவிட்டு வர வேண்டியதுதான். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு ஒரு வரி விட்டு வைத்திருந்தேன். அதற்குக் கீழே மற்றவர்கள் பெயர் ஏறிக்கொண்டே போனது.

ஒன்பதாம் நாள் வந்தாள். டியூட்டி மாறிவிட்டதாம், அவ்வளவுதான். எனக்கு அந்த எட்டு நாளும் எப்படிப் போனது என்று அவளுக்குத் தெரியாது. நேராக உள்ளே போனாள். அவள் உட்கார்ந்த நாற்காலியில் மெடல் பையன் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் சட்டென்று எழுந்தான்.

"உக்காருங்கக்கா."

அவள் அவனையும், காலியாகக் கிடந்த அடுத்த நாற்காலியையும், மேட்டையும் பார்த்தாள். அவன் ஏன் அங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மேட்டில் ஒருத்தி தட்டினாள், பிடித்திருந்தவள் விட்டாள். இன்னொரு ஜோடியில் ஒருவர் தட்டினார், விட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றே பார்த்தாள்.

"நீயே உக்காரு தம்பி. எனக்கு சேர் வேணாம்" என்றாள்.

மேசைக்கு வந்து அவளே பேனாவை எடுத்து, நான் விட்டு வைத்த வரியில் பெயரை எழுதினாள். தலைவலி விட்ட பிறகுதான் எத்தனை நேரம் வலித்தது என்று தெரியும். அதுபோல இருந்தது.

அன்று பெண்கள் வகுப்பில் ஒற்றைப்படை. சுகுணாவுக்கு ஜோடி இல்லை. மாஸ்டர் வகுப்பைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார்.

"ஏம்மா, அஞ்சு வருசமா வெளியவே உக்காந்துக்கினு கீறீங்களே. வாங்க."

"எனக்கு வேணாம் சார், ரிஜிஸ்டர்..."

"ரிஜிஸ்டர் எங்கயும் ஓடாது."

"வாங்கக்கா," என்றாள் சுகுணா, "நீங்களே பாத்துட்டு ரிப்போர்ட் எழுதுங்க." துணைப் பயிற்சியாளர் உரக்கச் சிரித்தார்.

எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அலமாரியிலிருந்து பழைய உடை ஒன்றை எடுத்துக்கொண்டு போய், புதுத் தாழ்ப்பாளைப் போட்டு, புடவையை மாற்றினேன். டிராயரைத் திறந்து பிளாஸ்திரியை எடுத்தேன். எத்தனையோ பேர் விரலில் சுற்றிவிட்டிருக்கிறேன். என் மெட்டிக்கு மேல் சுற்றிக்கொள்ளும்போது இரண்டு தடவை கோணலாகப் போனது.

மாஸ்டர் கையைப் பிடிக்கும் விதத்தைக் காட்டினார். நான் படுத்தேன். கூரையில் ஃபேன் சுற்றுவது அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி இருந்தது. சுகுணா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வலிச்சா தட்டுங்கக்கா."

"எவ்ளோ வலிச்சா?"

"உங்களுக்கு போதும்னு தோணிச்சின்னா."

மெதுவாக நீட்டினாள். வலி வரவில்லை, வரப்போகிறது என்று மட்டும் தெரிந்தது. எங்கள் வீட்டில், தெருவில், இந்த ஹாலிலும்கூட, போதும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. கையைத் தூக்கி மேட்டில் ஒரு தட்டு தட்டினேன். இரண்டாவது தட்டுக்குக் கையைத் தூக்கியபோது அவள் விட்டிருந்தாள்.